இருபத்தெட்டு ரூபாய் மணப்பந்தல்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது பெரிதும் தயங்கினேன். புலமை மிக்க பெரியோர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். நானோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். ஆயினும் என் வசம் ஒரு பொருள் உண்டு. அது என் பாட்டனார் எழுதி வைத்த வரவுசெலவுக் கணக்குப் புத்தகம். 1974ஆம் ஆண்டுக்குரிய அப்புத்தகத்தில், என் அத்தையின் திருமணத்திற்கென ஒதுக்கிய பக்கங்களுள் ஒன்றில் 'பந்தல் அலங்காரம்' என்று தலைப்பிட்டு ஏழே வரிகள் உள்ளன. கீழே கூட்டுத்தொகை 28 ரூபாய் 45 காசு. அந்த ஏழு வரிகளின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

தமிழர் திருமணத்தில் பந்தல் எத்துணைப் பழமையானது என்பதற்கு அகநானூறு சான்று. அத்தொகையில் 86, 136 என்னும் எண்ணுள்ள பாடல்கள் இரண்டும் மணவிழாவைக் கண்முன் நிறுத்துகின்றன. முன்னதை நல்லாவூர் கிழார் பாடினார். பின்னதை விற்றூற்று மூதெயினனார் பாடினார். முதற்பாட்டில் வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பந்தல் வருகிறது. அதன் கீழே புதுமணல் பரப்பியிருக்கிறார்கள். வீட்டில் விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டாம் பாட்டில், வாகையின் கவட்டிலையையும், மழைக்குத் துளிர்த்த அறுகின் கிழங்கிலிருந்து எழுந்த முளையையும், மலர் மொட்டுகளோடு வெண்ணூலில் சேர்த்துச் சூட்டுகிறார்கள். அந்த அறுகு எத்தகையது என்றால், கன்று மேய்ந்த பள்ளத்தில் வளர்ந்தது என்கிறார் புலவர்.

இவற்றையெல்லாம் ஓர் எழுத்தரின் கண்ணோடு பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. இப்பட்டியலில் விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் எது? மணல் ஆற்றிலிருந்து வந்தது. இலை மரத்திலிருந்து வந்தது. அறுகு கன்றுக்குட்டி தின்று மிச்சம் வைத்தது. எண்ணெயும் நூலும் மட்டுமே காசு பெறும்.

சிலப்பதிகாரக் காலத்துப் புகாருக்கு வந்தால் நிலைமை வேறு. கோவலனும் கண்ணகியும் பெருவணிகர் வீட்டு மக்கள். ஆகவே மணிகள் பதித்த தூண்கள் நின்ற மண்டபம், நீல நிற மேற்கட்டி, முத்துப் பந்தல் என்று இளங்கோவடிகள் அடுக்கிக்கொண்டே போகிறார். ஆண்டாள் நாச்சியார் கனாக் கண்ட திருமணத்திலும் முத்து மாலைகள் தொங்கும் பந்தலும் பொற்குடங்களும் உண்டு. ஆனால் கூடவே கமுகம் பாளையும் உண்டு என்பதை மறக்கலாகாது. செல்வர் வீட்டுப் பந்தலுக்கும் எளியோர் வீட்டுப் பந்தலுக்கும் பொதுவாக நின்றவை பாளையும் வாழையும் மாவிலையும் குருத்தோலையுமே. முத்துக்கு வழியில்லாதவன் ஓலையில் குருவி முடைந்து தொங்கவிட்டான். அவன் வீட்டுத் திருமணத்தை எவரும் குறைத்து மதிக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கரக்பூர் இருப்புப்பாதை ஊர். 1887இல் அமைந்த வங்காள நாகபுரி இருப்புப்பாதைக் கம்பெனி, அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கே நிலையமும் பெரும் பணிமனையும் அமைத்தபோது, தெற்கிலிருந்து தெலுங்கரும் தமிழரும் வந்து குடியேறினர். கம்பெனியை 1944இல் அரசு ஏற்றது. 1952இல் அது கிழக்கு இருப்புப்பாதையாயிற்று. 1955 ஆகஸ்டு முதல் தென்கிழக்கு இருப்புப்பாதையாயிற்று. பலகையில் பெயர் மாறியது. குவார்ட்டர்ஸின் செங்கல் மாறவில்லை. என் பாட்டனார் 1946இல் இருபது வயதில் இங்கே வந்து சேர்ந்தார். அவர் வந்த புதிதில், பெண்ணுக்குத் திருமணம் என்றால் ஊருக்குச் சென்றுதான் நடத்துவார்களாம். இலவசப் பயணச்சீட்டு இருக்கும்; சென்னை மெயிலில் ஏறிவிடலாம். நாளடைவில் ஊரிலிருந்த வீடு பாகம் பிரிந்து, பங்காளிகளும் சிதறியபின், இங்கேயே பந்தல் போடும் வழக்கம் வந்தது.

இங்கே பந்தல் போடுவதில் ஓர் இன்ப வியப்பு காத்திருந்தது. வங்காளத்தாரும் திருமணத்திற்கு வாழை நடுகிறார்கள், மாவிலை கட்டுகிறார்கள், நாம் மாக்கோலம் இடுவதுபோல அரிசி மாவைக் கரைத்து விரலால் ஆல்பனா வரைகிறார்கள். நம்முடையது புள்ளியும் கம்பியுமாக ஒழுங்கு கட்டி நிற்கும். அவர்களுடையது கொடியும் தாமரையுமாக ஓடும். நாம் கோலத்தைச் சுற்றிப் பூசும் காவிக்குக் கூட இங்கே கடைக்குப் போகவேண்டாம். மேற்கு மேதினிபூர் மாவட்டத்துச் செம்மண்ணைச் சலித்து நீரில் கரைத்தால் போதும், காவி ஆயத்தம்.

எல்லாவற்றிலும் மேலான ஒற்றுமை நெட்டியில் இருக்கிறது. நீர்நிலைகளில் வளரும் இந்தச் செடியின் தண்டு உள்ளே பால்வெள்ளையாய், பஞ்சினும் இலேசாய் இருக்கும். நம் தஞ்சை நாட்டில் நெட்டியைக் கொண்டு கோயில் உருவங்கள் செய்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு வண்ண நெட்டி மாலை கட்டி மாட்டின் கழுத்தில் போடுகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே நெட்டியை வங்காளத்தார் சோலா என்கின்றனர். அவர்களுடைய மணமகன் தலையில் வைக்கும் டோபோர் என்னும் கூம்பு முடியும், மணமகளின் முடியும் சோலாவினால் ஆனவையே. அதைச் செய்வோர் மாலாகார் எனப்படும் கைவினைஞர். வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த தொப்பியும் இதே தண்டினால் செய்ததுதான் என்றால், நம் மாட்டின் கழுத்திலும் துரையின் தலையிலும் ஏறியது ஒரே செடி என்பதை எண்ணிப் புன்னகை செய்யாமல் இருக்க இயலவில்லை.

1974ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு பங்குனியில் அத்தைக்கு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஜாம்ஷெட்பூர்த் தமிழர். மே மாதம் 23ஆம் நாள், வியாழக்கிழமை முகூர்த்தம். அந்நாளைக் குறித்தபோது எவரும் அறியாதது, மே 8 அன்று நாடெங்கும் இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கும் என்பது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை நம் காலனியின் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பல்லாயிரவர் கைதாயினர். குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றிய செய்திகள் பல ஊர்களிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. பாட்டனார் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் வரும் என்ற நிச்சயமில்லை. வைப்பு நிதிக் கடனுக்குக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. நகைக்கும் புடைவைக்கும் முன்பே சேர்த்து வைத்திருந்தார்கள். விருந்துக்கு அரிசியும் பருப்பும் கடைக்காரர் கடனாகத் தந்தார். பந்தலுக்கும் ஒப்பனைக்கும் மட்டும் ஒன்றுமில்லை.

"தள்ளி வைத்துவிடலாமா?" என்று பாட்டி கேட்டாராம். பாட்டனார் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலை போனாலும் போகும். போனபின் பெண் கொடுக்கிறேன் என்றால் யார் வருவார்கள்? வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவோம்" என்றாராம். இதை அத்தை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அன்று கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த இருபத்தொரு வயதுப் பெண் சிரித்திருக்கமாட்டாள்.

மறுநாளே பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் வந்தார். அவர் கணவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தவர், எங்கேயோ தலைமறைவு. அவர்தான் முதலில் சொன்னவர்: "பந்தலுக்குத் துணி வாடகைக்கு எதற்கு? நம்மிடம் புடைவை இல்லையா?" அன்று மாலையே பன்னிரண்டு வீடுகளிலிருந்து பட்டும் நூலுமாகப் புடைவைகள் வந்து சேர்ந்தன. எந்தப் புடைவை எந்த வீட்டினுடையது என்று மாறிவிடாதபடி, ஓரத்தில் ஒரு துண்டுத் துணியைத் தைத்து அதில் குவார்ட்டர்ஸ் எண்ணை எழுதினார் என் தந்தையார். ஊசி குத்தினால் பட்டில் துளை விழும் என்று, மூங்கிலில் சணல் கயிற்றை இழுத்துக் கட்டி, புடைவைகளைக் கொசுவி அதன்மேல் போட்டு, முனைகளை மட்டும் நூலால் பிணைத்தார்கள். மணவறைக்கு நேர் மேலே வந்தது அந்தத் தெலுங்கு அம்மாளின் நீலப் பட்டு. சிலப்பதிகாரத்து நீல விதானத்தைப் பள்ளியில் படித்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் புடைவைதான். நான் அதைப் பார்த்ததில்லை. கேட்டதே போதுமானதாக இருந்தது.

இனிக் கணக்குப் புத்தகத்தின் வரிகள். வண்ணத் தாள் 4 டஜன், 4 ரூபாய் 80 காசு. ஜிகினாத் தாள், 3 ரூபாய் 50 காசு. சணல் நூல், 2 ரூபாய் 25 காசு. மைதா அரைக் கிலோ, 90 காசு. நெட்டி, 5 ரூபாய். இதன் எதிரே 'பாக்கி' என்று குறித்திருக்கிறது. மூங்கில் கொண்டுவந்த வண்டிக் கூலி, 4 ரூபாய். பெட்ரோமாக்ஸ் 2, வாடகை 8 ரூபாய். அவ்வளவே.

வண்ணத் தாள் கோல் பஜாரில் பட்டம் விடும் பிள்ளைகள் வாங்கும் மெல்லிய தாள். அதை வாங்கியதற்கும் வேலைநிறுத்தமே காரணம். நம் பக்கத்துப் பூவெல்லாம் பாஞ்சகுரா, கோலாகாட் பகுதிகளிலிருந்து வண்டியேறி வருவது. வண்டிகள் ஓடாதபோது பூ எங்கிருந்து வரும்? நாம் மங்கலப் பூவாகக் கொண்டாடும் துலுக்கச் செவ்வந்தியும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோ நாட்டுச் செடிகள். மேலைநாட்டார் கடல் வழியே கொண்டுவந்தவை. கடல் கடந்து வந்த பூ, 40 மைல் தொலைவிலிருந்து வர இயலாமற் போயிற்று. ஆகவே தாளில் பூச் செய்தார்கள். எட்டுத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, இரு முனைகளையும் வளைவாகக் கத்தரித்து, ஒவ்வொரு தாளாக மேல்நோக்கிப் பிரித்தால் உள்ளங்கை அகலச் செவ்வந்தி ஒன்று மலரும். பிரிக்கும்போது ஈரக் கை படக்கூடாது. சாயம் ஒட்டும், தாளும் கிழியும். அது வைகாசி வெயில். வியர்வைக் கையோடு அமர்ந்த பெண்கள், நடுவில் ஒரு தட்டில் விபூதியை வைத்துக்கொண்டு விரலைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தார்களாம். மிஞ்சிய துண்டுகளை முக்கோணமாக வெட்டிச் சணல் நூலில் ஒட்டிக் கொடி கட்டினார்கள். மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்ததால் கரப்பான் அண்டவில்லை. குழந்தைகளைப் பசைச் சட்டியின் அருகே விடாமல் காப்பதற்கென்றே ஒரு பாட்டி காவல் இருந்தாராம்; மயில்துத்தம் நஞ்சு.

தோரணத்திற்கு வருவோம். தென்னை இங்கே உண்டு. ஆனால் குருத்தை வெட்டினால் மரம் வருந்தும் என்று உரிமையாளர்கள் தயங்குவது இயல்பு. வங்காளி நண்பர் ஒருவர் தம் தோட்டத்திலிருந்து ஒரே ஒரு குருத்து தந்தார். அது வாயிலுக்கு மட்டும் போதுமானதாயிற்று. மற்ற இடத்திற்கெல்லாம் ஈச்ச ஓலை. ஈச்சை இம்மாவட்டத்தில் எங்கும் நிற்கிறது, வேண்டுமளவு வெட்டிக்கொள்ளலாம், முள் குத்தும் என்பது ஒன்றே குறை. இளைஞர்கள் ஓலைக் குருவிகளை முடைந்து, ஏணி வைத்து ஏறிக் கட்டி முடித்துப் பெருமையோடு இறங்கினார்கள். பாட்டி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "டேய், குருவி தலைகீழாத் தொங்கினா இது என்ன வீடுன்னு நினைப்பாங்க? அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்கடா!" என்று அலறினாராம். மங்கல வீட்டுத் தோரணத்தில் குருவியின் தலை மேல்நோக்கியிருக்கவேண்டும். கீழ்நோக்கினால் அது சாவு வீட்டுத் தோரணம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? முடைதலை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுப் பொருளைச் சொல்லாமல் விட்டது பெரியவர்களின் பிழை என்று பாட்டனார் இளைஞர்களுக்காகப் பரிந்து பேசினாராம்.

கோலத்திற்கு அரிசி மாவு கட்டுப்படியாகவில்லை. பங்கீட்டு அரிசி உண்பதற்கே போதாத காலம். மணவறைக்கு முன்னே இருந்த ஒரு கோலம் மட்டும் அரிசி மாவு. மற்றவை சுண்ணாம்புப் பொடி. ஒரு மூலையில் வங்காளிப் பெண்கள் இருவர் தாமாக வந்து ஆல்பனா வரைந்தார்கள். நம் புள்ளிக் கோலமும் அவர்களுடைய தாமரைக் கொடியும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் யார் நிறுத்துவது என்று தெரியாமல், இரண்டையும் ஒரு செம்மண் பட்டையால் சேர்த்துவிட்டார்களாம்.

நெட்டி வேலைக்கு ஊருக்கு வெளியேயிருந்து முதிய மாலாகார் ஒருவர் வந்தார். அவருக்கும் அவ்வாண்டு வேலை குறைவு. ஒரு கட்டு நெட்டியைத் தோள்மேல் போட்டுக்கொண்டு நடந்தே வந்தவர், திண்ணையில் அமர்ந்து பட்டை சீவி, கத்தியைத் தண்டின்மேல் சுற்றவிட்டுச் சுருள் சுருளாகத் தாள்போல் எடுத்தார். டோபோர் வேண்டாம், மாலை வேண்டும் என்று சொன்னதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்தவர். தாமே ஒரு துண்டை எடுத்து வெட்டிக் காட்டினார். மொழி தெரியாத இருவரும் அன்று பிற்பகல் முழுவதும் எதிரெதிரே அமர்ந்து, அவர் வெட்டியதை இவர் கோப்பதும், இவர் வெட்டியதை அவர் திருத்துவதுமாக மணவறைத் தூண் நான்கிற்கும் மாலை செய்து முடித்தார்கள். கூலி ஐந்து ரூபாய் என்று பேசினார். பணம் பிறகு வரட்டும் என்று கையசைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் பகரகோரா வழியாக லாரியில் புழுதியோடு வந்து இறங்கினர். பந்தலைக் கண்டதும் மாப்பிள்ளையின் தாயார், "எவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள்!" என்று தம் தங்கையிடம் சொன்னது பாட்டியின் காதில் விழுந்ததாம். பாட்டி மறுக்கவும் இல்லை. ஆமென்று சொல்லவும் இல்லை. திருமணம் நன்கே முடிந்தது. ஆனால் இரவில் பெட்ரோமாக்ஸிலிருந்து தெறித்த பொறி ஒன்று நீலப் பட்டில் பட்டு, ஒற்றைக் காசளவு பொத்தல் விழுந்துவிட்டது. பாட்டி அழுதுவிட்டார். புதுப் புடைவை வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொல்லியும் அந்த அம்மாள் ஏற்கவில்லை. அந்த இடத்தில் சிறிய மாங்காய் ஒன்றைப் பின்னித் தைத்து, பின்னாளில் தம் மகள் திருமணத்திற்கே அதை உடுத்திக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, மே 27 அன்று வேலைநிறுத்தம் நிறுத்திக்கொள்ளப்பட்டது. பாட்டனார் மீண்டும் வேலைக்குச் சென்று 1984இல் ஓய்வு பெற்றார். கணக்குப் புத்தகத்தில் 'பாக்கி' என்னும் சொல்லை ஆகஸ்டு 6 அன்று சிவப்பு மையால் அடித்திருக்கிறார்.

அதன்பின் வந்தது தெர்மக்கோல். வெள்ளையாயிருந்தது, மலிவாயிருந்தது, அரிவாளால் அறுத்தாலும் எழுத்து வந்தது. மணமக்கள் பெயரைத் தெர்மக்கோலில் வெட்டி ஜிகினா தூவாத திருமணம் என் இளமையில் நான் கண்டதில்லை. நெட்டி வேலை எங்கள் காலனியில் அத்தோடு நின்றது. பிறகு ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். துணிப்பூ, இரும்புச் சட்டம், மின்விளக்குச் சுவர். அண்மையில் என் உறவினர் ஒருவர் ஒரு மாலை நேர வரவேற்புக்கு மேடை ஒப்பனை மட்டும் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்தார். அதில் பெரும்பகுதி கூட்டுறவுக் கடன். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் ஆவதை நானே பார்க்கிறேன். இரவு பத்தரை மணிக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றினர். உறவினருக்கு மிஞ்சியது நிழற்படம். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. பிறர் வீட்டு மேடையைப் பார்த்துவிட்டு வந்து பெண்ணின் முகத்தைப் பார்க்கும் தந்தையின் நிலை எனக்கும் தெரியும்.

2022 ஜூலை முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தபோது, அப்பட்டியலில் ஒப்பனைக்கான தெர்மக்கோலும் இருந்தது. நெட்டிக்கு மறுபடியும் காலம் வந்ததென மகிழ்ந்தேன். ஆனால் நெட்டி வளரும் தாழ்நிலங்கள் பல தூர்ந்து வீட்டுமனைகளாகிவிட்டன. நல்ல தண்டு கிடைப்பது அரிது என்று மாலாகார் குடும்பத்து இளைஞர் ஒருவர் சொன்னார். ஆயினும் ஒரு கட்டு கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஏனெனில் வரும் தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம். மேடை எப்படி வேண்டும் என்று கேட்டேன். ஒப்பந்தக்காரரின் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, பாட்டனாரின் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "அத்தைப் பாட்டியை வரச் சொல்லுங்கள்" என்றாள். எழுபது வயதைக் கடந்த அத்தை மார்கழிக் கடைசியிலேயே ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மேற்கட்டிக்கு இதுவரை ஏழு வீட்டார் புடைவை தருவதாக வாக்களித்துள்ளனர். பெட்ரோமாக்ஸ் கிடையாது; அஞ்சவேண்டாம். தாள் பூ வேலை தை முதல் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்கும். கத்தரிக்கோல் அவரவர் கொண்டுவரவேண்டும்; எங்களிடம் இருப்பவை இரண்டே.